யார் காட்டும் நகரம்? ஐரோப்பாவின் மாற்றுச் சுற்றுலாக்கள் பற்றி

பாரிஸின் பாதாளச் சாக்கடைக்குள் பொதுமக்களை அழைத்துப்போய்க் காட்டும் வழக்கம் 1867இல் தொடங்கியது. அந்த ஆண்டு உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் ஈபிள் கோபுரத்தைப் பார்த்திருக்க முடியாது; அதைக் கட்டத் தொடங்கவே இன்னும் இருபதாண்டு இருந்தது. சாக்கடையைப் பார்க்க முடிந்தது. ஓஸ்மானின் நகரச் சீரமைப்பில் பொறியாளர் பெல்கிரான் அமைத்த சுரங்கங்களுக்குள் வண்டியிலும் படகிலும் சீமான்களும் சீமாட்டிகளும் போய்வந்தார்கள். படகுச் சவாரி 1970கள் வரை நீடித்தது. இன்று அல்மா பாலத்தருகே அது ஓர் அருங்காட்சியகம். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோத்ருதாம் பேராலயத்தின் பின்புறம் நகரப் பிணவறை இருந்தது. ஆள் தெரியாத சடலங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தியிருப்பார்கள். உறவினர் யாராவது அடையாளம் சொல்லட்டும் என்பதே அதன் நோக்கம். வந்தவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பயணிகளுக்கான கையேடுகள்கூட அதைப் பார்க்க வேண்டிய இடங்களில் சேர்த்திருந்தன. 1907இல்தான் பொதுமக்களுக்கு அது மூடப்பட்டது. பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் தன் வாடிக்கையாளர்களை ஐரோப்பாக் கண்டத்துக்கு முதன்முதலாக அழைத்துப்போனது 1855இல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கோபுரமும் அரண்மனையும் காட்டும் சுற்றுலா பிறந்த உடனேயே, அதில் இல்லாததைக் காட்டும் சுற்றுலாவும் பிறந்துவிட்டது.

ஆகவே இன்றைய பயண நிறுவனங்கள் ‘வித்தியாசமான அனுபவம்’ என்று விற்பதில் வித்தியாசம் எது என்று கேட்கத்தான் வேண்டும். பெர்லினில் ட்ராபண்ட் கார் ஓட்டலாம். வியன்னாவில் 1949இல் வந்த ‘தி தேர்ட் மேன்’ படத்தின் துரத்தல் காட்சி எடுக்கப்பட்ட சாக்கடைக்குள் இறங்கலாம். லண்டனில் கொலைகாரன் நடந்த சந்துகளில் இரவில் நடக்கலாம். பிராகில் வீடற்றவர் ஒருவர் தாம் படுத்துறங்கிய ரயில் நிலையத்தைக் காட்டுவார். நேப்பிள்ஸில் அந்தந்தத் தெருப் பிள்ளைகளே தங்கள் காலடியில் உள்ள கல்லறைக் குகைகளைக் காட்டுவார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது பெரும் தவறு. போகும் வண்டியையும் காட்டும் பொருளையும் வைத்து இவற்றை வகைப்படுத்துவதால் ஒன்றும் தெரியாது. சொல்கிறவருக்கும் சொல்லப்படும் இடத்துக்கும் என்ன உறவு, தப்பாகச் சொன்னால் அவரை யார் தட்டிக் கேட்க முடியும், வாங்கும் காசு எந்தத் தெருவில் செலவாகிறது ஆகிய கேள்விகளால் அளந்தால்தான் நல்லதும் பொல்லாததும் பிரியும். இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

முதலில் வண்டிச் சுற்றுலா. ட்ராபண்ட் என்பது கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை முப்பது லட்சத்துக்கும் மேல் தயாரான சிறு கார். 26 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய உடல். பெயர் பதிந்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து வாங்கிய வண்டி அது. இன்று பயணிகள் அதை வரிசை வரிசையாக ஓட்டிப் புகை கக்கவிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். காத்திருந்த பத்தாண்டு அந்தச் சிரிப்பில் எங்கும் இல்லை. போலந்தின் கிராக்கூவ் நகரை ஒட்டிய நோவா ஹூத்தாவுக்கும் ட்ராபண்டில் அழைத்துப் போகிறார்கள். அங்கே போலந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் ஓட்டியது ஃபியட் 126 என்பதுகூட யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் நோவா ஹூத்தா உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஊர். 1949இல் எஃகு ஆலைக்காக வெறும் வயலில் எழுப்பப்பட்ட சோசலிச நகரம் அது. மாதாகோயில் இல்லாமலே திட்டமிடப்பட்டது. 1960இல் நட்ட சிலுவையை அகற்ற வந்தபோது மக்கள் தெருவில் இறங்கி மோதினார்கள். நெடுங்காலம் போராடிப் பெற்ற ‘ஆண்டவரின் பேழை’ தேவாலயத்தை 1977இல் அர்ப்பணித்தவர், மறு ஆண்டே இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். லெனின் சிலை 1989இல் போனது; நடுச் சதுக்கத்துக்கு இன்று ரொனால்ட் ரீகன் பெயர். இவ்வளவு கதை உள்ள ஊரில் கார் எதற்கு? ஆலையில் வேலை பார்த்த ஒருவரோ அவர் பிள்ளையோ கூட நடந்தால் போதும். பீர் குடித்துக்கொண்டே மிதிக்கும் வண்டிகளை ஆம்ஸ்டர்டாம் 2017இல் நகர மையத்திலிருந்து விலக்கியது. இரவில் மதுக்கடை மதுக்கடையாக வழிகாட்டியுடன் அழைத்துப்போகும் சுற்றுகளைப் பிராக் 2024இல் தடை செய்தது. இந்த வகையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

லண்டன் கொலைச் சுற்றுலா அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. அதில் கதை உண்டு, ஆய்வு உண்டு, நல்ல பேச்சாளர்களும் உண்டு. 1888இல் வைட்சேப்பல் பகுதியில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் கதை அது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக அது கொன்றவனின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவன் யார் என்ற புதிரே சரக்கு. செத்தவர்கள் அதற்குத் தடயம். வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட ‘தி ஃபைவ்’ நூலில் அந்த ஐவரின் வாழ்க்கையைத் தேடி எடுத்தார். அனைவரும் பாலியல் தொழிலாளிகள் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டதற்குப் பெரும்பாலோர் விஷயத்தில் ஆதாரம் இல்லை என்றும் வாதிட்டார். அதற்கு நான்காண்டுக்கு முன் கேபிள் தெருவில் ஓர் அருங்காட்சியகம் வந்தது. அனுமதி கோரியபோது அது கிழக்கு லண்டன் பெண்களின் வரலாற்றுக்கானது என்று சொல்லப்பட்டது. திறந்தபோது கொலைகாரனின் பட்டப்பெயரில் இருந்தது. வட்டாரத்துப் பெண்கள் வாசலில் நின்று எதிர்த்தார்கள். நான் சொல்லும் அளவுகோல் இங்கேதான் உதவுகிறது. இந்தச் சுற்றுலாவில் சொல்பவர் சொல்லப்படுவோருக்கு யாரும் அல்ல. செத்த பெண்களின் சார்பில் அவரைக் கேட்கவும் ஆள் இல்லை. அதனால்தான் தவறான ஒரு கதை நூற்றுமுப்பது ஆண்டு தடையின்றி விற்பனையாக முடிந்தது.

இதற்கு நேர் எதிர் நேப்பிள்ஸின் சனிதா வட்டாரம். நகைச்சுவை நடிகர் தோத்தோ 1898இல் பிறந்த இடம். வேலையின்மைக்கும் கமோரா கும்பல்களுக்கும் பேர்போன இடம். நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், 1806-ஐ ஒட்டி, நகரத்திலிருந்து கபோதிமோந்தே அரண்மனைக்கு நேரே போக இந்தப் பள்ளத்தாக்கின் தலைக்கு மேல் ஒரு பாலம் போட்டார்கள். அன்றிலிருந்து நகரம் சனிதாவின் மேலே போய்வருகிறது; இறங்குவதில்லை. பாலத்திலிருந்து கீழே வர 1937இல் ஒரு லிஃப்ட் வைத்ததோடு சரி. ஆனால் பூமிக்கடியில் அந்த வட்டாரத்தின் சொத்து கிடந்தது. நகரின் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் பெயரிலான கல்லறைக் குகைகள் இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கியவை. அவருடைய மிகப் பழைய ஓவியம் அங்கேதான் இருக்கிறது. 2006இல் பங்குத்தந்தை அந்தோனியோ லொஃப்ரேதோவின் ஊக்கத்தில் அந்தப் பகுதி இளைஞர்கள் சிலர் ‘லா பரான்சா’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். குகைகளைச் சுத்தம் செய்தார்கள், விளக்குப் போட்டார்கள், மொழி கற்றார்கள், வழிகாட்டிகள் ஆனார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள்.

இதில் வருகை எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வழியமைப்பு. குகைக்கு நுழைவாயில் மேலே கபோதிமோந்தே பக்கம், பேருந்து நிற்கும் நல்ல சாலையில் இருக்கிறது. சுற்று முடிந்ததும் கீழே பழைய பசிலிக்கா வழியாகச் சனிதாவுக்குள்ளேயே வெளியேறலாம். பயணி அங்கே காப்பி குடிப்பார், பீட்சா சாப்பிடுவார், சந்தையைக் கடப்பார். இருநூறு ஆண்டாக மேலே மேலே போன நகரத்தைக் கீழே இறக்கும் வேலையை ஒரு கல்லறைக் குகையின் பின்வாசல் செய்கிறது. சிக்கல் இல்லாமல் இல்லை. 2018இல் கல்லறைக் குகைகளின் உரிமையாளரான வத்திக்கான் தரப்பு டிக்கெட் வருமானத்தில் பாதியைக் கேட்டது. வட்டாரம் திரண்டு போப்பாண்டவருக்கே முறையிட்டது. அந்தச் சண்டையே நல்ல சான்று. மக்கள் தங்கள் சுற்றுலாவுக்காகத் தெருவில் இறங்கிய இடம் இது. வெனிஸிலும் பார்சிலோனாவிலும் அதே ஆண்டுகளில் மக்கள் சுற்றுலாவுக்கு எதிராகத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே முதல் மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. ஏழ்மையையும் இழப்பையும் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்ப்பது அசிங்கம் இல்லையா? 1880களில் லண்டன் கனவான்கள் கிழக்குப் பகுதிச் சேரிகளைப் போலீஸ்காரர் துணையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். லண்டனில் 2010இல் ‘அன்சீன் டூர்ஸ்’, பிராகில் 2012இல் ‘பிராகுலிக்’, பெர்லினில் 2013இல் ‘குவெர்ஷ்டாட்டைன்’, வியன்னாவில் 2015இல் ‘ஷேட்ஸ் டூர்ஸ்’, எடின்பரோவில் 2016இல் ‘இன்விசிபிள் சிட்டீஸ்’ என்று தொடங்கிய அமைப்புகள் வீடிழந்து தெருவில் வாழ்ந்தவர்களை வழிகாட்டிகளாக்குகின்றன. இதுவும் அதே வேடிக்கைதானே? வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். அன்று போலீஸ்காரர் பேசினார், சேரிக்காரர் பார்க்கப்பட்டார். இன்று தெருவில் வாழ்ந்தவர் பேசுகிறார். எந்த மூலையைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பது அவர் முடிவு. பெரும்பாலான இத்தகைய நடைகளில் தெருவில் இப்போது படுத்திருப்பவர்களின் பக்கம் கூட்டத்தை அழைத்துப் போவதில்லை. பூங்கா பெஞ்சின் நடுவில் ஏன் கைப்பிடி வைக்கிறார்கள், குளிர்காலத்தில் இரவு விடுதியில் இடம் பிடிக்க எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், முகவரி இல்லாதவர் அரசு உதவிக்கு எப்படி மனுக் கொடுப்பது என்பதெல்லாம்தான் பேச்சு. இவற்றில் பரிதாபத்துக்கு இடம் குறைவு. நகர நிர்வாகம் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து விளக்கும் பாடம் அது. நகரத் திட்டம் படிக்கும் மாணவருக்கு வேறு எங்கும் கிடைக்காத பாடம் என்றே சொல்வேன்.

பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான அதிகாரம் இடம் மாற முடியும் என்பதற்கு ஹாம்பர்க்கின் பழைய கிடங்கு வட்டாரத்தில் 2000 முதல் நடக்கும் ‘இருளில் உரையாடல்’ இன்னும் தெளிவான சான்று. முற்றிலும் இருட்டான அறைகளில் தெருவும் பூங்காவும் கடையும் ஒலியாலும் தொடுகையாலும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பார்வையற்றவர் கைபிடித்து அழைத்துப் போகிறார். உள்ளே போன பத்தாவது நிமிடம் யார் மாற்றுத்திறனாளி என்ற கேள்விக்கு விடை மாறிவிடும். ஆனாலும் மறுப்பில் உண்மையின் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. தன் துயரத்தை வாரத்துக்கு ஐந்து முறை, ஒரே வரிசையில், ஒரே இடத்தில் நிறுத்திச் சொல்பவருக்கு அது என்ன செய்யும்? சில வருடங்களுக்குப்பின் அவர் வேறு வேலைக்கு நகர வழி இருக்கிறதா? நல்ல அமைப்புகள் இதை யோசித்துத்தான் வழிகாட்டி வேலையை ஒரு படியாக வைக்கின்றன. வீடும் நிலையான வேலையும் அடுத்த படி. அந்த அடுத்த படியைப் பற்றிப் பேசாத நிறுவனத்தைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அனுபவித்தவர் சொல்வதால் மட்டும் அது உண்மையாகிவிடுமா? ஆகாது. பெல்ஃபாஸ்ட் நகரம் இதற்கான சோதனைக்கூடம். 1969இல் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் இடையே எழுந்த ‘அமைதிச் சுவர்’ இன்றும் நிற்கிறது. அதன் கதவுகள் சில இரவில் சாத்தப்படுகின்றன. சுவர்களை 2023க்குள் அகற்றுவதாக வட அயர்லாந்து அரசு 2013இல் அறிவித்தது, நடக்கவில்லை. முப்பதாண்டு மோதலில் இறந்தவர்கள் 3500க்கும் மேற்பட்டோர். கலவரக் காலத்தில் பேருந்துகள் நின்றுபோனபோது பங்கு டாக்சிகளாக ஓடத் தொடங்கிய கறுப்பு வண்டிகள், 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு பயணிகளைச் சுவரோவியங்களுக்கு அழைத்துப் போகின்றன. ஓட்டுநர் எந்தச் சாலையைச் சேர்ந்தவரோ அந்தச் சாலையின் கதைதான் வண்டிக்குள் கேட்கும். முன்னாள் குடியரசுவாதக் கைதிகளின் அமைப்பான ‘கோஷ்டே’ நடத்தும் நடையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஃபால்ஸ் பக்கம் ஒரு முன்னாள் குடியரசுவாதக் கைதி நடத்துவார். சுவரின் கதவை எட்டியதும் கூட்டத்தை எதிர்த்தரப்பின் முன்னாள் கைதி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அரை மணி முன்பு வீரராகச் சொல்லப்பட்டவர் அந்தப் பக்கம் கொலைகாரர் ஆவார். யாரை நம்புவது என்ற சங்கடத்தோடு பயணி நிற்பார். அந்தச் சங்கடம்தான் அந்த நகரத்தின் உண்மை. நடுநிலையாளர் ஒருவர் இரண்டையும் சமன் செய்து தந்திருந்தால் அது கைக்கு வந்திருக்காது. ஆக, அனுபவித்தவரின் சொல் தனியே முழு உண்மை ஆகாதுதான். எங்கிருந்து பேசுகிறார் என்பதை மறைக்காத சாட்சி அது. அப்படி எடுத்துக்கொண்டால் பேருந்தின் ஒலிபெருக்கி தரும் பெயரற்ற வரலாற்றைவிட அதைச் சோதிப்பது எளிது.

உரிமம் பெற்ற வழிகாட்டிகள் சொல்லும் குறையும் இதோடு சேர்ந்தது. இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் வழிகாட்டித் தொழிலுக்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். ஆண்டுக்கணக்கில் படித்தவர்களின் பிழைப்பில் உரிமம் இல்லாத இந்த வழிகாட்டிகள் மண்ணைப் போடுகிறார்கள் என்பது வாதம். ஓவியக்கூடத்திலும் தொல்லியல் தளத்திலும் அந்தப் படிப்புக்கு மாற்று கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டூரின் நகரில் 2010-ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஐரோப்பிய நகரங்களுக்குப் பரவிய ‘மிக்ரன்டூர்’ வலையமைப்பு இதற்கு அமைதியான விடை தந்தது. குடியேறி வந்தவர்களைப் பயிற்சி கொடுத்துத் தங்கள் சந்தையையும் தெருவையும் காட்டவைக்கிறது; அரண்மனையை உரிமக்காரருக்கு விட்டுவிடுகிறது. மார்செய் நகரின் வடக்கு வட்டாரங்களில் 2011இல் குடியிருப்போரே உருவாக்கிய ‘ஓட்டல் த்யூ நோர்’ கூட்டுறவும் அப்படித்தான். மூடிய ஆலைகளும் மலைச்சரிவுகளுமாக இருக்கும் பகுதியில் அவர்கள் நடத்தும் நடைகள், பாதுகாக்கப்பட வேண்டிய மரபு எது என்பதை அங்கே வாழ்பவர்களும் தீர்மானிக்கலாம் என்ற கொள்கையின்மேல் நிற்கின்றன.

நடைச்சுற்று ஒன்று நகரத்தையே மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் பெர்லினின் வெட்டிங் பகுதிக்குப் போகலாம். அங்கே ‘ஆப்பிரிக்க வட்டாரம்’ என்று ஒரு பகுதி உண்டு. பெயருக்குக் காரணம் ஆப்பிரிக்கர் குடியிருப்பு கிடையாது. ஜெர்மனியின் குடியேற்றக் கனவு. ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் விதிகளை வகுத்த 1884-85 மாநாடு இதே நகரின் வில்ஹெல்ம் தெருவில்தான் கூடியது. காலனிகளைப் பிடித்துக் கொடுத்த லூடெரிட்ஸ், நாக்டிகால், பேட்டர்ஸ் ஆகியோர் பெயரில் அந்த வட்டாரத்தில் தெருவும் சதுக்கமும் இருந்தன. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ‘பெர்லின் போஸ்ட்கொலோனியல்’ போன்ற சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தெருக்களில் நடை நடத்தி, பெயர்ப்பலகையின் கீழே நின்று அந்தப் பெயருக்கு உரியவர் என்ன செய்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் நாக்டிகால் சதுக்கம், ஜெர்மானியர் தூக்கிலிட்ட கேமரூன் அரசர் மங்கா பெல்லின் பெயருக்கு மாறியது; லூடெரிட்ஸ் தெரு, நமீபியாவில் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற கொர்னேலியஸ் ஃப்ரெடெரிக்ஸின் பெயருக்கு மாறியது. நடையால் மட்டும் மாறியது என்று சொல்ல வரவில்லை. வழக்குகளும் மன்றத் தீர்மானங்களும் நீளமானவை. ஆனால் தீர்மானம் போடுவதற்கு முன்னால் செய்தி தெருவில் பரவியிருக்க வேண்டும். அதை அந்த நடைகள் செய்தன. லண்டனில் கலை வரலாற்றாளர் ஆலிஸ் பிராக்டர் 2017 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் நடத்திய ‘சங்கடமான கலைச் சுற்று’களும் அதே வகை. பொருளின் அழகைச் சொல்லும் அட்டை, அது அங்கே வந்த வழியைச் சொல்லாமல் விடும்போது அதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இந்த அளவுகோலின் உறைப்பு தமிழ் வாசகருக்குப் பாரிஸில் நேரடியாகத் தெரியும். வடக்கு ரயில் நிலையத்தைத் தாண்டி லா ஷப்பேல் வட்டாரம், ஃபோபூர் சன் தெனி தெருவின் மேல்பகுதி, கய் தெரு எல்லாம் 1980கள் முதல் ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தவை. நகைக்கடை, புடவைக்கடை, மரக்கறிக்கடை, முடிதிருத்தகம், பத்திரிகையும் புத்தகமும் விற்கும் கடை என்று யாழ்ப்பாணத்துக் கடைத்தெரு ஒன்று அங்கே வாழ்கிறது. 1985இல் அமைந்த மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆவணியில் அந்தத் தெருக்களில் ஓடும். வீதியில் தேங்காய் குவித்து உடைப்பதைப் பார்க்கப் பாரிஸ்காரர்களும் பயணிகளும் கூடுவார்கள். இந்த வட்டாரம் பயணிகளுக்கு வெகுநாளாக ‘சின்ன இந்தியா’ என்றே விற்கப்படுகிறது. மசாலா வாசனை, பாலிவுட் பாட்டு, புடவை நிறம் என்று ஒரு வட்டம் சுற்றிக் காட்டிவிட்டால் சுற்று முடிந்தது. 1983இல் இலங்கையில் என்ன நடந்தது, ஏன் இவர்கள் வந்தார்கள், தங்குவதற்கான தாள் எப்படிக் கிடைத்தது, எத்தனை பேர் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக் கடை போட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சுற்றில் இல்லை. அதே தெருவை அங்கே வளர்ந்த பெண் ஒருவர் காட்டினால் கதையே வேறு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த ‘மதங்களின் இல்லம்’ இதைச் செய்துகாட்டுகிறது. மசூதி, தேவாலயம், பௌத்த விகாரை, அலெவி வழிபாட்டிடம் ஆகியவற்றோடு ஒரே கூரையின் கீழ் தமிழர்களின் சைவக் கோயிலும் இருக்கிறது. வழிகாட்டியுடன் பள்ளிப் பிள்ளைகளும் பயணிகளும் வந்து போகிறார்கள். வேடிக்கைப் பொருளாக நிற்கும் கோயிலுக்கும் தன்னைத் தானே விளக்கும் கோயிலுக்கும் இடையே உள்ள தூரம் அங்கே தெரியும்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. பயணிகளைப் பிரபல இடங்களிலிருந்து விலக்கிக் குடியிருப்புத் தெருக்களுக்குள் விட்டால் கேடும் அங்கே போகும் என்பது அது. வெனிஸ் 2024இல் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. வழிகாட்டிக் குழுக்களை 25 பேருக்குள் அடக்கி, ஒலிபெருக்கியையும் தடுத்தது. ஆம்ஸ்டர்டாம் 2020இல் சிவப்பு விளக்குச் சன்னல்களின் முன்னால் நடக்கும் சுற்றுகளையே நிறுத்தியது. அங்கே வேலை செய்யும் பெண்களை உயிரியல் பூங்காவில் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள் என்ற காரணத்தைச் சொன்னது. பார்சிலோனா வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் உரிமங்களை 2028க்குள் முடித்துவைக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. சனிதாவிலும் இப்போது மாடிக்கு மாடி பயணியர் அறைகள் முளைக்கின்றன. வெற்றிக்கு விலை வாடகையில் தெரிகிறது. கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதே தீர்வு என்று நகராட்சிகள் சொல்வதை அதனால் நான் ஏற்கவில்லை. ஆனால் பதினைந்து பேர் நடந்து போகும் இரண்டு மணி நேரச் சுற்று வீட்டு வாடகையை ஏற்றுவதில்லை. தங்கும் அறை ஏற்றுகிறது. வட்டாரக்காரர் கையில் உள்ள சுற்று, எப்போது போதும் என்று நிறுத்தும் அதிகாரத்தையும் வட்டாரத்திடமே வைத்திருக்கிறது. தொலைவில் இருக்கும் நிறுவனத்துக்கு நிறுத்தக் காரணமே கிடையாது.

மூன்று நாளில் ஒரு நகரம், பத்து நாளில் ஏழு நாடு என்று போகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நம்மூரிலிருந்து குழுப்பயணம் போகிறவர்கள் 90 யூரோ விசாக் கட்டணத்திலிருந்து தொடங்கிப் பெரும் தொகை செலவழித்துப் போகிறார்கள்; ஈபிள் கோபுரத்தைப் பார்க்காமல் வாருங்கள் என்று அவர்களிடம் சொல்வது அநியாயம். கோபுரத்தைப் பாருங்கள். மூன்றாவது தேவாலயத்தையும் இரண்டாவது படகுச் சவாரியையும் விட்டுவிட்டால் இந்த இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும். பெரும்பாலான நடைகளுக்கு முன்பதிவு வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் நாள்கள் குறைவு என்பதால் விமான டிக்கெட் எடுத்ததுமே பார்த்துவைப்பது நல்லது. பதியும் முன் இணையப் பக்கத்தில் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: வழிகாட்டி எந்தத் தெருக்காரர், கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு. இரண்டும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் தயங்காமல் பதியுங்கள். எழுதப்படவில்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராத சுற்றுக்கு அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம்.